கன்றுக்குட்டியின் கண்: திரும்பி வந்த ஒரு குழந்தைப் போர்வை பற்றிய நிகழ்வு ஆய்வு

திருப்பூரில் ஏற்றுமதி பனியன் கம்பெனி ஒன்றின் தரப்பரிசோதனைப் பிரிவில் 11 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, இப்போது அவிநாசியில் வீட்டிலேயே இரண்டு இயந்திரங்களை வைத்துக் குழந்தைத் துணிகள் தைத்து வருகிறேன். என் அக்கா மகளின் குழந்தைக்கு மூன்றாம் மாதத்தில் நான் தைத்துக் கொடுத்த ஒட்டுப் போர்வை ஒன்று, நான்கு மாதம் புழக்கத்தில் இருந்த பிறகு என்னிடமே திரும்பி வந்தது. அது ஏன் திரும்பியது, அதைப் பிரித்துப் பார்த்தபோது என்ன தெரிந்தது, அடுத்த போர்வையில் முகங்களை எப்படித் தைத்தேன், அவை துவைப்புக்கு எந்த அளவு தாங்கின என்பவற்றை இங்கே பதிவு செய்கிறேன்.

காங்கேயம் பக்கத்துக் கிராமத்திலிருந்து அக்கா மகள் தொலைபேசியில் சொன்னது ஒரே வரிதான்: "சித்தி, கன்னுக்குட்டியோட ஒரு கண்ணு பாப்பா வாய்க்குள்ள இருந்துச்சுங்க." குழந்தையின் கடைவாயில் விரலை விட்டு அதை எடுத்தவள் என் அக்கா. குழந்தைக்கு எதுவும் ஆகவில்லை. எடுத்த பொருள் 12 மி.மீ. குறுக்களவுள்ள ஒரு கருப்புப் பட்டன்.

போர்வையும் அதன் ஐந்து முகங்களும்

அகலம் 90 செ.மீ., நீளம் 110 செ.மீ., ஒன்பது கட்டங்கள். மேல்துணி முழுவதும், கம்பெனியில் துணி வெட்டும்போது மிஞ்சும் கட்டிங் வேஸ்ட்டில் பொறுக்கியெடுத்த சிங்கிள் ஜெர்சி, அதாவது மெல்லிய பனியன் துணி. நடுவில் பாலியஸ்டர் பஞ்சுத் தகடு. அடியில் பருத்தித் துணி. ஐந்து கட்டங்களில் முகங்கள் இருந்தன. ஒன்று காங்கேயம் கன்று. அந்தக் கன்று பிறக்கும்போது செவலையாக இருந்து ஏறத்தாழ ஆறு மாதத்தில்தான் சாம்பல் நிறத்துக்கு மாறும் என்பதால், அதன் முகத்துக்குச் செங்காவித் துணி எடுத்திருந்தேன். மற்றவை வெள்ளாட்டுக் குட்டி, முயல், ஆந்தை, மயில். ஐந்து முகங்களையும் ஐந்து விதமாகச் செய்து அழகு பார்த்தேன். ஒரே போர்வை ஒரே வீட்டில் ஒரே மாதிரி துவைக்கப்பட்டதால், ஐந்து முறைகளையும் அருகருகே வைத்து ஒப்பிட முடிந்தது. நான் திட்டமிடாத சோதனை அது.

கன்றின் கண் பட்டன். ஆட்டுக்குட்டியின் கண், பொம்மைக் கடைகளில் "சேஃப்டி கண்" என்று விற்கும், பின்னால் வாஷர் போட்டு அழுத்தும் பிளாஸ்டிக் கண். ஆந்தைக்கு ஃபெல்ட் துணி வட்டங்களைப் பசை போட்டு ஒட்டி ஓரம் தைத்திருந்தேன். முயலுக்கு மூக்கு ரேயான் எம்பிராய்டரி நூலில், நூல்களை நெருக்கமாக அடுக்கி நிரப்பும் சாட்டின் தையல்; மீசைக்கு 4 செ.மீ. நூல்களைத் தொங்கவிட்டிருந்தேன். மயிலுக்குத் துணிச்சாயம்.

கண் எப்படி விழுந்தது

அடித்துணியைப் பிரித்துவிட்டு முதலில் கன்றைத்தான் பார்த்தேன். மீதமிருந்த பட்டனை, பயணப்பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசில் மாட்டி நேராக இழுத்தபோது அது 9 கிலோவையும் தாங்கியது. எங்கள் கம்பெனியில் குழந்தை உடுப்பின் பட்டனை 90 நியூட்டன் விசையில் 10 விநாடி இழுத்துப் பார்ப்போம். அது சற்றேறக்குறைய 9 கிலோ எடைக்குச் சமம். ஐரோப்பியப் பொம்மைத் தரமான இஎன் 71, 6 மி.மீ.க்கு மேற்பட்ட உறுப்புக்குக் கேட்பதும் அதே 90 நியூட்டன்தான். அப்படியானால், விழுந்த பட்டனின் சோடி அந்தச் சோதனையில் தேறியிருக்கும். ஆனால் பின்புறம் 3 மி.மீ. அளவுக்கு நீட்டிக்கொண்டிருந்த நூல் நுனியை ஊசியால் நெம்பி இழுத்தபோது, அரிசிச் சிப்பத்தின் வாயைத் தைத்த நூல் ஒரு நுனி அகப்பட்டதும் சரசரவென்று உருவிக்கொண்டு வருவதைப் போல, எல்லாத் தையலும் வந்து, பட்டன் என் மடியில் விழுந்தது.

காரணம் இயந்திரம். கைத்தையலைவிட உறுதியாக இருக்கட்டும் என்று, தெரிந்த ஓர் இடத்தில் இருந்த பட்டன் இயந்திரத்தில் அந்த இரண்டு கண்களையும் வைத்து வாங்கினேன். அத்தகைய இயந்திரங்களில் பல, ஒற்றை நூல் சங்கிலித் தையல் போடுபவை. சிப்பம் தைக்கும் கை இயந்திரமும் இதே தையலைத்தான் போடுகிறது. கீழ்நூல் கிடையாது, ஒரு கண்ணி அடுத்த கண்ணியைப் பிடித்துக்கொண்டிருக்கும், கடைசிக் கண்ணி விட்டால் எதுவும் நிற்காது. போர்வைக்குள் இருந்த அந்த நுனியைப் பஞ்சுத் தகடு ஒவ்வொரு துவைப்பிலும் உரசியிருக்கிறது. குழந்தை உடுப்புக்குப் பட்டன் வைக்கும்போது மேல்நூலும் கீழ்நூலும் பின்னிக்கொள்ளும் லாக் தையல் வேண்டும் என்று ஆர்டர் தாளில் எழுதி வரும். அந்த வரியை 11 ஆண்டுகளில் எத்தனை முறை டிக் போட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. கடல் கடந்து போகும் குழந்தைக்குப் பார்த்ததை, காங்கேயத்துக்குப் போகும் குழந்தைக்குப் பார்க்காமல் விட்டவள் நான்.

அளவைப் பொறுத்தவரை, மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தொண்டை அடைக்கக்கூடியது எது என்பதை முடிவு செய்ய ஓர் உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அதன் உள்விட்டம் 31.7 மி.மீ.; ஆழம் சாய்வாக 25.4 முதல் 57.1 மி.மீ. வரை. எந்த அழுத்தமும் இல்லாமல் அதற்குள் முழுதாக அடங்குகிற எதுவும் ஆபத்தானது. நம் பத்து ரூபாய் நாணயம் 27 மி.மீ.தான், அதுவே உள்ளே போய்விடும். ஆகையால் "பெரிய பட்டன்தானே, விழுங்க முடியாது" என்று கடையில் சொல்வதை நம்புவதற்கில்லை.

மற்ற நான்கு முகங்கள்

ஆட்டுக்குட்டியின் கண் விழவில்லை. அது விழக் காத்திருந்தது. வாஷர் தன் பிடியை ஒரு மயிரிழைகூட விடவில்லை. விட்டது துணி. கண்ணின் காம்பு நுழைவதற்காகப் போட்ட துளையிலிருந்து ஜெர்சியின் கண்ணிகள் ஏணிப்படி போல ஓட்டம் விட்டிருந்தன. கொக்கித் தராசில் 6 கிலோ வருவதற்குள் கண், காம்பு, வாஷர் மூன்றும் ஒன்றாக, துளை வழியாகவே வெளியே வந்துவிட்டன. சேஃப்டி என்ற பெயர் கண்ணுக்குத்தான் பொருந்தும். அது உட்கார்ந்திருக்கும் துணிக்குப் பொருந்தாது. மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தையின் பொருளில் இதை வைக்கவே கூடாது என்பது என் கருத்து.

ஆந்தையின் ஃபெல்ட் வட்டங்கள் நெய்ததோ பின்னியதோ அல்ல, அமுக்கிய இழைகள். குழந்தை சப்பிய இடத்தில் அவை பஞ்சு பஞ்சாகப் பிரிந்திருந்தன. ஒட்டிய பசை மஞ்சளாகி ஓடு போல இறுகியிருந்தது. மயிலின் சாயம் வெடித்து உரிந்திருந்தது. நீளும் துணியின் மேல் நீளாத படலம் போட்டால் வேறென்ன ஆகும்.

முயல்தான் எனக்குப் புதிதாகப் பாடம் நடத்தியது. ரேயான் நூலின் பளபளப்புக்கு ஆசைப்பட்டு அதை எடுத்திருந்தேன். ரேயான் நனைந்தால் தன் வலுவில் பாதியளவை இழந்துவிடும்; பருத்தியோ நனைந்தால் சற்றுக் கூடுதல் வலுவடையும். குழந்தையின் எச்சிலிலும் துவைதண்ணீரிலுமே பாதி வாழ்நாளைக் கழிக்கப் போகிற மூக்குக்கு ரேயானைத் தேர்ந்தது, கிணற்றுக்குள் இறக்கக் காகிதக் கயிறு திரித்தது போன்ற காரியம். போதாக்குறைக்கு, சாட்டின் தையலின் ஒவ்வொரு நூலும் 11 மி.மீ. நீளத்துக்குத் துணியில் எங்கும் பிடிபடாமல் தாண்டியிருந்தது. குழந்தையின் நகம் கோக்க அது போதுமானது.

மீசையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தொங்கும் நூலோ, துணியின் பின்பக்கம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாண்டிப் போகும் நூலோ, கைக்குழந்தையின் விரலில் சுற்றிக்கொண்டால் இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். தலைமயிரும் துணி நூலும் இப்படிக் கால்விரலில் இறுகி, காரணம் தெரியாமல் குழந்தை அழுதுகொண்டே இருப்பது மருத்துவர்கள் நன்கறிந்த நிலை. பட்டனைப் பற்றி எச்சரிக்கிற அளவுக்கு இதைப் பற்றி நம் தையல்காரர்கள் பேசுவதில்லை. அந்த மீசையில் ஒரு நூல் தளர்ந்து 9 செ.மீ. வரை நீண்டிருந்ததைக் கண்டபோது, பட்டனைக் கேள்விப்பட்டபோது வராத நடுக்கம் எனக்கு வந்தது.

இத்தனைக்கும் மேலே, கன்றின் செங்காவி நிறம் பக்கத்துக் கட்டங்களில் இறங்கியிருந்தது. அக்கா அதைக் கல்லுப்புத் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்துப் பார்த்திருக்கிறாள். நம் பக்கம் எல்லா வீட்டிலும் செய்வதுதான் இது. ஆனால் பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்தில் உப்பு செய்கிற வேலை சாயத் தொட்டியிலேயே முடிந்துவிடுகிறது. உப்பு, சாயத்தைத் தண்ணீரிலிருந்து நூலை நோக்கித் தள்ளும். நூலோடு பிணைய வைப்பது சோடா ஆஷ். பிணையாமல் தங்கிவிட்ட சாயத்தைக் கொதிநீர்ச் சோப்பில் அலசி வெளியேற்ற வேண்டும். சாயப்பட்டறையில் சோப்பிங் என்று சொல்வது அதைத்தான். அங்கே அது குறைந்திருந்தால், வீட்டில் எவ்வளவு உப்புப் போட்டாலும் அந்தச் சாயம் வெளியேறியே தீரும். செய்யக்கூடியது, வெட்டுவதற்கு முன்பே சூடான சோப்புத் தண்ணீரில் தண்ணீர் தெளியும்வரை அலசுவது ஒன்றுதான்.

இரண்டாவது போர்வை

இம்முறை வைத்துக்கொண்ட விதி: முகத்தில் பருத்தித் துணியும் பருத்தி நூலும் தவிர வேறெதுவும் இருக்கலாகாது. முகங்களுக்கு ஜெர்சியை விட்டுவிட்டு, சோமனூர் பக்கத்து விசைத்தறிக் காடாத் துணியை எடுத்தேன். தறியில் பாவு அறாமல் இருக்கப் போட்ட கஞ்சி அதில் இருக்கும். அதை ஓர் இரவு ஊறவைத்து, கொதிக்கக் கொதிக்க அலசி, வெயிலில் போட்டு, மறுபடியும் அதையே செய்தேன். சுருங்க வேண்டியதெல்லாம் வெட்டுவதற்கு முன்பே சுருங்கிவிட வேண்டும். முகம் தைத்த பிறகு துணி சுருங்கினால், சுருங்காத நூல் கண்ணைச் சுற்றிக் கொசுவிக்கொள்ளும்.

கண்களைத் தூங்கும் கண்களாக, ஒரு வளைகோடாக மட்டும் தைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கோடு வரைவது போலப் போடும் காம்புத் தையலில் ஒரு வில், அதன்கீழ் மூன்று சிறு இமைக்கோடுகள். பிய்ந்து போக அதில் எதுவும் இல்லை. மாதிரியைப் பார்த்த அக்கா, "கண்ணை மூடிட்டிருந்தா சீக்கு வந்த மாடாட்டம் இருக்குது கண்ணு" என்று சொல்லிவிட்டாள். மாடு கட்டிப் பழகிய வீட்டில் அதற்கு மேல் வாதாட இடமில்லை. முயலும் ஆந்தையும் தூங்கட்டும், கன்றும் குட்டியும் விழித்திருக்கட்டும் என்று முடிவாயிற்று.

விழித்த கண்ணுக்கு 22 மி.மீ. வட்டமாகக் கருப்புப் பருத்தித் துணியை வெட்டி, ஓரத்தில் ஓட்டுத்தையல் போட்டு, 12 மி.மீ. அட்டை வட்டத்தின் மேல் சுருக்கி இழுத்து, இஸ்திரி போட்டு, அட்டையை எடுத்துவிட்டேன். வெட்டிய ஓரம் முழுவதும் உள்ளே மடிந்துவிட்ட அந்தத் துணிப் பொட்டை முகத்தின் மேல் வைத்து, மறைதையலில் 2 மி.மீ.க்கு ஒரு குத்தாகச் சுற்றிவர இரண்டு முறை தைத்தேன். ஒரு சுற்றில் நூல் அறுந்தாலும் மறுசுற்று பிடித்துக்கொள்ளும். கண்ணில் ஒளி தெரிவதற்கு வெள்ளை நூலில் முடிச்சுத் தையல் போடுவது வழக்கம். குழந்தை நகத்தால் நிமிண்டுவது முடிச்சைத்தான் என்பதால், 2 மி.மீ. நேர்க்குத்துகள் மூன்றை நெருக்கமாகப் போட்டதோடு நிறுத்திக்கொண்டேன்.

கோடுகளுக்கு ஆறு இழை எம்பிராய்டரி நூலில் இரண்டு இழையைப் பிரித்தெடுத்துக் காம்புத் தையல். ஒரு குத்து 4 மி.மீ.க்கு மேல் போகவில்லை. மீசை இப்போது தொங்கவில்லை, துணியில் தைத்த கோடு. நூலை முடிச்சுப் போட்டுத் தொடங்காமல், மூன்று பின்குத்துகளில் தொடங்கி, அவ்வாறே முடித்தேன். ஒவ்வொரு கண்ணுக்கும் நூலைத் தனியே வெட்டினேன். ஒரு கண்ணிலிருந்து மறுகண்ணுக்குப் பின்னால் நூலைத் தாண்டவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும், ஆனால் அதுவே விரல் சிக்கும் கண்ணி. எல்லா முகங்களையும் தைத்து முடித்து, பின்பக்கம் மெல்லிய மல் துணியை வைத்து மூடிய பிறகுதான் பஞ்சையும் அடித்துணியையும் சேர்த்தேன்.

இதிலும் ஒரு பிழை நேர்ந்தது. தண்ணீரில் அழியும் நீலப் பேனாவால் ஆட்டுக்குட்டியின் வாயை வரைந்திருந்தேன். தைத்து முடித்த மகிழ்ச்சியில், மையை நனைத்து எடுக்காமலேயே இஸ்திரி போட்டுவிட்டேன். சூடு பட்ட அந்த மை பழுப்பாகித் துணியிலேயே தங்கிவிட்டது. எத்தனை முறை அலசியும் போகவில்லை; முகத்தை மறுபடி வெட்டித் தைத்தேன். இந்தப் பேனாவைப் பயன்படுத்துபவர் குளிர்ந்த தண்ணீரில் மை முழுவதும் போனதை உறுதி செய்துகொண்ட பிறகே இஸ்திரிப் பெட்டியைத் தொட வேண்டும்.

துவைகல்

சோதனைக்கென்று அதே துணி, அதே நூல், அதே கையால் ஒரு கன்று முகத்தைத் தனியாகத் தைத்துவைத்தேன். போர்வையையே இழுத்துப் பார்ப்பது அதைக் கெடுப்பதாகும். கண் பொட்டின் ஓரத்தைக் கிடுக்கியால் கவ்வி, கொக்கித் தராசில் 9 கிலோவுக்கு 10 விநாடி இழுத்தேன். துணி கசங்கியது, தையல் விடவில்லை.

சாயத்துக்கு, ஆய்வகத்தில் வியர்வைச் சோதனை செய்யும் முறையைப் பின்பற்றினேன். அங்கே நனைத்த துணியை வெள்ளைத் துணியோடு சேர்த்து, தட்டுகளுக்கிடையே அழுத்தி, 37 டிகிரி சூட்டில் 4 மணி நேரம் வைப்பார்கள். நான் அம்மிக்கல்லின் அடியில் வைத்தேன். சித்திரை மாதத்து மதியத்தில் 37 டிகிரிக்கென்று தனியாக அடுப்பு தேவைப்படவில்லை. வெள்ளைத் துணியில் கறை இறங்கவில்லை. இது வீட்டுச் சோதனை. விற்பனைக்குத் தைப்பவர் கோவையில் 1956 முதல் இயங்கிவரும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் (சிட்ரா) போன்ற ஆய்வகத்தில் துணியைக் கொடுத்துப் பார்ப்பதே முறை.

துவைப்பைப் பொறுத்தவரை, ஆய்வகம் காணாத ஒன்று நம் வீடுகளில் உண்டு. இயந்திரம் துணியைப் புரட்டும். துவைகல்லோ துணியை அடிக்கும். காங்கேயம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் கட்டிச் சோப்பு நுரைக்காது. அதிலுள்ள சுண்ணாம்போடு சேர்ந்து வெண்மையான பிசினாகி நூலிடுக்கில் தங்கி, துணியைச் சொரசொரப்பாக்கும். அதனால் சோதனை முகத்தை 10 முறை இயந்திரத்தில் 40 டிகிரியிலும், 10 முறை அக்கா வீட்டுத் துவைகல்லில் அந்தத் தண்ணீரிலும் துவைத்தேன். இயந்திரத்தில் எந்த மாற்றமும் தெரியவில்லை. கல்லில் ஆறாவது துவைப்பிலேயே, சற்று மேடாக நிரப்பியிருந்த மூக்கின் நூல்கள் மயிர்விடத் தொடங்கின. பத்தாவதில் இரண்டு நூல் அறுந்தது. தட்டையாகத் தைத்த கண்ணுக்கும் கோடுகளுக்கும் எதுவும் ஆகவில்லை. மேடாக நிற்பதைக் கல் அடிக்கிறது, துணியோடு படிந்ததை விட்டுவிடுகிறது. கட்டிச் சோப்புக்குப் பதிலாகத் திரவ டிடர்ஜென்ட்டைப் பயன்படுத்துமாறும், அடிக்காமல் கசக்கிப் பிழியுமாறும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்; ஆனால் சொன்னபடி துவைப்பார்கள் என்று நம்பித் தைப்பது தரப்பரிசோதனை ஆகாது.

கொடுப்பதற்கு முன் ஊசிகளையும் குண்டூசிகளையும் எண்ணிப் பார்த்தேன். கம்பெனியில் 1.2 மி.மீ. இரும்பு உருண்டையைக்கூடக் கண்டுபிடிக்கும் ஊசி காட்டும் இயந்திரத்தின் வழியாகவே குழந்தை உடுப்புகள் போகும். வீட்டில் பழைய ஸ்பீக்கரின் காந்தத்தை இருபுறமும் அங்குலம் அங்குலமாக ஓட்டினேன். எதுவும் ஒட்டவில்லை.

பயன்பாட்டுக்கு ஒரே நிபந்தனை வைத்தேன். தரையில் விரித்துக் குழந்தையைக் குப்புறப் போட்டு விளையாடவிடத்தான் இந்தப் போர்வை. யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு வயது முடியும்வரை உறங்கும் குழந்தையின் மேல் போர்த்தவோ, தூரிக்குள் (தூளிக்குள்) விரிக்கவோ கூடாது. மெத்தென்ற துணி மூக்கை மூடினால் அதை விலக்கிக்கொள்ளக் கைக்குழந்தைக்குத் தெரியாது. முகத்தைக் கன்றைப் போலப் புடைப்பாக்கிக் காதும் கொம்பும் தொங்கவிட்டு விற்க நினைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் விளையாட்டுப் பொருட்களுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயமாகியிருக்கிறது. பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு என்றாலும், பதிவு இல்லாமல் விலக்கு இல்லை.

போர்வையின் உண்மையான முகங்களிலும் முயலின் மூக்கு மட்டுமே மயிர்விட்டிருக்கிறது. அதைப் பிரித்துவிட்டு, கண்ணைப் போலவே மடித்த துணிப் பொட்டாக, இளஞ்சிவப்புக் காடாவில் தைத்துக் கொடுத்திருக்கிறேன். அந்த மூக்கு இன்னும் துவைகல்லைப் பார்க்கவில்லை.